தொங்கவிட்டுப் பார்த்த சக்கரம்

மூன்றாவது முறையாகவும் பரிசோதனைச் சீட்டில் 'குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான் தம்பி. அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஒவ்வொரு வேகத்தடையிலயும் டக்குன்னு இடிக்குதுடா. நான் என்ன கனவா காணறேன்?"

"பழைய வண்டிக்கா. நம்ம முட்டி சத்தம் போடல?"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டான். அவள் சிரிக்கவில்லை. பதினோரு வருஷமாக டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே காலம் போனதில், வண்டி சொல்வதை இடுப்பாலேயே கேட்கப் பழகியிருந்தாள். தம்பி அந்தப் பள்ளியின் வண்டிகளைப் பார்க்கும் தலைமை மெக்கானிக். அவன் 'குறை இல்லை' என்று எழுதிவிட்டால் முதலாளிக்கு அதற்கு மேல் பேச்சே கிடையாது.

போன திங்கட்கிழமையும் அப்படித்தான் ஆயிற்று. தையல்காரம்மா ஓட்டிக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயது. தைத்த துணி மூட்டைகளைத் தானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று, மகனுடைய கேலியையும் மீறிப் படிக்க வந்தவர். வளைவில் ஸ்டியரிங் இடப்பக்கம் வெட்டி இழுக்க, வண்டி சுற்றுச்சுவரை உரசிக்கொண்டு நின்றது. முதலாளி தம்பியின் சீட்டை எடுத்து மேஜையில் போட்டார். "வண்டி நல்லாத்தான் இருக்கு. உங்க கைதாம்மா நிலையா இல்ல. இந்த வயசுல எதுக்கு வம்பு?" படிவத்தில் 'தகுதியில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டார். அந்த அம்மா தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதுதான் அக்காவுக்கு இன்னும் ஆறவில்லை. கோடு போடாமலே ஒரு முழத் துணியை நூல் பிசகாமல் தைக்கிற கையைப் பார்த்தா நிலையில்லை என்பது!

"இன்னொரு தடவை பாரு. என் கண் முன்னாடி."

முனகிக்கொண்டே செய்தான். ஜாக்கியை வண்டியின் உடம்புக்கு அடியில் கொடுத்துத் தூக்கினான். முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. மேலும் கீழும் பிடித்து ஆட்டினான். கல் மாதிரி நின்றது.

"பாத்தியா? பால் ஜாயின்ட் கிண்ணுன்னு இருக்கு."

சக்கரம் திரும்பவும் ஏறி இறங்கவும் விடுகிற மூட்டைத்தான் சொன்னான். அக்கா குனிந்து பார்த்தாள். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைக்கும் வண்டிக்கும் நடுவே தடித்த ஸ்பிரிங் ஒன்று, அந்தக் கையைக் கீழே அழுத்திக்கொண்டு விறைப்பாக நின்றது.

"இந்த ஸ்பிரிங் இப்படி அமுக்கிட்டிருந்தா எது ஆடும்? என்னைப் பிடிச்சு இப்படி அமுக்கினா நானும்தான் ஆட மாட்டேன்."

"புது வண்டிங்கள்ல எல்லாம் இப்படித்தான் பாப்போம்."

"இது புது வண்டியா?"

தம்பி வண்டியை இறக்கினான். 'உன் வாயை அடைக்கிறேன் பார்' என்கிற முகத்தோடு, ஜாக்கியை இம்முறை அந்த இரும்புக் கைக்கே அடியில், சக்கரத்தை ஒட்டி நகர்த்தி வைத்தான். டயர் தரையைவிட்டு இரண்டு விரல் எழும்பியது. ஸ்பிரிங்கின் பாரம் முழுக்க ஜாக்கியில். டயருக்கு அடியில் நெம்புகோலைச் செருகி மெல்லத் தூக்கினான்.

டக்.

சக்கரம் தனியாக மேலே ஏறி இறங்கியது. மறுபடியும் தூக்கினான். மறுபடியும் டக். கண்ணுக்கே தெரிகிற ஆட்டம்.

தம்பியின் காது மடல் சிவந்துவிட்டது. "இது... கழண்டிருந்தா சக்கரம் மடங்கியிருக்கும்க்கா."

"யாரு உள்ள இருக்கும்போது மடங்கியிருக்கும்?"

அவன் சக்கரத்தைக் கழற்றினான். நட்டு கழலாமல் காக்கும் பூட்டூசியை உருவி, நட்டைத் தளர்த்தி, பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி அடித்தான். நாலாவது அடிக்கு மூட்டின் பிடி விட்டது. "ஜாக்கி பக்கம் காலைக் கொண்டுவராத, ஸ்பிரிங் பிச்சுக்கும்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. பழையதைப் பிதுக்கி வெளியே எடுத்தான். ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துருச்சேறு. புதியதை அழுத்திப் பொருத்தி, நட்டை முறுக்கி, பூட்டூசியை வளைத்துவிட்டான். ஒரு மணி நேர வேலை. இதற்கு மூன்று சீட்டு, ஒரு 'தகுதியில்லை'.

கை துடைத்துவிட்டு எழுதினான்: 'வழக்கமான பராமரிப்பு. பால் ஜாயின்ட் மாற்றப்பட்டது.'

அக்கா படித்தாள். "வழக்கமான பராமரிப்பா?"

"வேற என்ன எழுதச் சொல்ற? மூணு தடவை நான்தான் ஓகே போட்டிருக்கேன். என் மானம் போயிடும்க்கா."

"அந்தம்மா மானத்தை முதலாளி மேஜையில போட்டு மிதிச்சாரே, அப்ப எங்கடா போச்சு உன் மானம்?"

அவள் போனை எடுத்தாள். எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டு, அவன் கையில் திணித்தாள். மறுமுனையில் தையல் மிஷின் ஓடுகிற சத்தம்.

"சொல்லுங்க டீச்சர்."

"டீச்சர் இல்லம்மா... நான் அவங்க தம்பி. வண்டியைப் பாக்கறவன்." அக்காவை ஒரு தடவை பார்த்தான். "அன்னிக்கு இழுத்தது வண்டிதான். உங்க கை இல்ல. நான் தப்பாப் பாத்துட்டேன்."

மிஷின் நின்றது. பிறகு, அன்று முதலாளி முன்னால் வாயே திறக்காத அந்தக் குரல், கத்தரி மாதிரி வெட்டிக்கொண்டு வந்தது.

"ஒரு வாரமா ஊசி கோக்கறப்பல்லாம் என் கையையே பாத்துட்டிருக்கேன்ப்பா, நடுங்குதா நடுங்குதான்னு. போன்ல சொன்னா ஆச்சா? எழுது. எழுதி எடுத்துட்டு வா. என் பையன் முன்னாடி படி."

வைத்துவிட்டார்.

அக்கா சீட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு புதுச் சீட்டைக் கிழித்து வண்டியின் மூக்கில் வைத்தாள், பேனாவை அதன் மேல் வைத்தாள். தம்பி அதைத் தொடவில்லை. பழைய பால் ஜாயின்டைக் கையில் எடுத்து, விறைப்பாக நிற்க வேண்டிய அதன் தண்டைக் கட்டைவிரலால் நிமிர்த்தினான். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. மறுபடியும் நிமிர்த்தினான்.