ஆறாவது குழாய்

அக்கா இறந்து இரண்டு மாதம் கழித்துத்தான் தங்கைக்கு அவளுடைய ஆய்வக நோட்டைத் திறக்க மனம் வந்தது. கடைசி வரி: "ஆறாவது குழாய் வெறுங்கண்ணுக்குத் தெரிகிறது."

தண்ணீரில் ஈயம் இருந்தால் பச்சையாக ஒளிரும்படி அக்கா ஒரு பாக்டீரியாவை மாற்றியமைத்திருந்தாள். நீல டார்ச் அடித்து, மஞ்சள் கண்ணாடி வழியே பார்க்க வேண்டும். வரிசையில் முதல் சோதனைக் குழாயில் ஈயம் அதிகம், போகப் போகக் குறையும். ஆறாவதில் இருப்பது, குடித்தால் கெடுதல் தொடங்கும் அளவு. ஆய்வகக் கருவி அதைச் சட்டென்று காட்டிவிடும். கருவி இல்லாத வீடுகளுக்காகத்தான் அக்கா மாடாய் உழைத்தாள். கண் அதைத் தவறவிட்டால் அந்த வீடுகளில் நம்பிக் குடித்துவிடுவார்கள்.

அதே ஆய்வகத்தில் வேலை பார்த்த தங்கை, ஜன்னலில்லாத சாமான் அறையில் கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் உட்கார்ந்தாள். எதிரே குழாய் கழுவுகிறவர், பட்டப்பெயர் சோப்பு. அக்காவின் பழைய குழாய்களில் புதிதாக நிரப்பி, ஆறாவதையும் ஈயமே இல்லாததையும் மாற்றி மாற்றி நீட்டுவது அவர் வேலை.

"சோப்பண்ணே, தூங்கிட்டீங்களா?"

"இந்த இருட்டுல முழிச்சிருந்தா என்ன, தூங்கினா என்ன? இந்தாம்மா, பிடி."

மூடியில் கட்டைவிரல் பட்டது. ஒட்டுத்தாளின் சின்ன மடிப்பு. குழாய் மாறிப்போகாமலிருக்க ஆறாவதுக்கு மட்டும் அக்கா ஒட்டுவது. எது ஆறாவது என்று தெரிந்துகொண்டேதான் அக்கா பார்த்திருக்கிறாள்.

எதுவென்று தெரிந்துபோனதும் தங்கைக்கும் பச்சையாகத் தெரிந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"என் கையில குடுக்காதீங்கண்ணே. நீங்களே பிடிங்க."

"கை கடுக்குதும்மா."

"கடுக்கட்டும்."

இருபது தடவை பார்த்தாள். பதினொன்று சரி. காசு சுண்டிச் சொல்லியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

விளக்கைப் போட்டதும் அவர் நோட்டையே பார்த்தார். "அந்த வரிய விட்டுடேன். அவ கையால எழுதினது."

"அவ இருந்தா அவளே அடிச்சிருப்பாண்ணே."

ஒரே கோடாக அடித்தாள். "ஆறாவது வெறுங்கண்ணுக்குத் தெரியவில்லை" என்று எழுதித் தேதி போட்டாள். பேனாவை மூடும்போது ஒன்று தோன்றியது. வெளிச்சம் குழாய் முழுக்கப் பரவிக் கிடப்பதால்தானே கண்ணுக்கு எட்டவில்லை? அடியில் ஒரு புள்ளியாகச் சேர்த்துவிட்டால்?

அலமாரியில் கையால் சுற்றுகிற சுழற்றி ஒன்று தூசியோடு கிடந்தது; வேகமாகச் சுற்றினால் பாக்டீரியா குழாயின் அடியில் படியும். மின்சாரம் வேண்டாம், எந்த வீட்டிலும் சுற்றலாம். மூடியின் ஒட்டுத்தாளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, குழாய்களை அதில் சொருகினாள்.

"மறுபடி இருபது நிமிஷமா?" என்றார் சோப்பு.

"மறுபடி இருபது தடவையும்."

முனகிக்கொண்டே அவர் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றத் தொடங்கினார்.