ஏரி நீங்கலாக

என் அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக்குக் காலர் தைக்கிறவர். காலர் மட்டும்தான். சட்டையின் மற்ற பாகங்களோடு அவருக்குப் போக்குவரத்து கிடையாது. அப்படி ஏழு வருடம் தைத்துச் சேர்த்த காசில், மூன்று மலை தாண்டி இருக்கிற ஒரு நீல ஏரியைப் பார்க்கச் சுற்றுலா போனார்.

விளம்பரத்தில் ‘எல்லாம் அடக்கம்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் அடியில், எறும்பு மட்டும் படிக்கிற அளவில், ‘ஏரி நீங்கலாக’ என்றும் இருந்தது.

வண்டி கடைசி மேடு வரைதான் போகும். அங்கிருந்து குதிரை. குதிரைக்குத் தனிக் கட்டணம், அது வண்டிக் கட்டணத்தைவிட அதிகம். அந்த மேட்டில் வேறு குதிரைக்காரன் இல்லை, வேறு கடை இல்லை, கோபித்துக்கொண்டு இறங்கிப் போக வேறு வண்டியும் இல்லை. நடந்து போகலாம் என்றால் வழியை மறித்து ஒரு கயிறு. நெல் வயலில் விளையும். விலை இந்த மாதிரி இடத்தில்தான் விளையும். அம்மா மூன்று மணி நேரம் வண்டிக்குள் உட்கார்ந்து மேட்டைப் பார்த்தார். ஏரி மேட்டுக்கு அந்தப் பக்கம்.

“எப்படிம்மா இருந்துச்சு?” என்றேன்.

“மேடு நல்லா இருந்துச்சுடா” என்றார். அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அந்தக் கம்பெனி முதலாளியை அதே வண்டியில், அதே மேட்டில், அதே மூன்று மணி நேரம் உட்கார வைப்பது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். பூனைக்கும் ஒரு காலம் வரும் என்பார்கள். பூனை வேலைக்கு விண்ணப்பம் போட்டால் கொஞ்சம் சீக்கிரம் வரும். படிப்பை முடித்ததும் அவரிடமே வழிகாட்டியாகச் சேர்ந்தேன்.

முதலாளிக்கு ஆபீசில் ‘கறார்’ என்று பெயர். பதினோரு வருடமாக ஏரியை விற்கிறார், மேட்டுக்குக்கூடப் போனதில்லை, ஏரியைப் பார்த்ததில்லை. “அவ்ளோ தூரம் எவன்டா போவான்?” என்பார். அவர் கண்டுபிடித்ததுதான் தொப்பி முறை. மஞ்சள் தொப்பி என்றால் வண்டியோடு சரி. சிவப்புத் தொப்பி என்றால் குதிரை உண்டு. குதிரைக் காசை இப்போது ஆபீசிலேயே கட்டிவிட வேண்டும், மேட்டில் யாரும் வாங்கக் கூடாது. யார் யாரோ ‘நான் முதலாளிக்கு மச்சான்’ என்று சொல்லி ஓசியில் ஏறியதால், மேட்டில் கயிறு பிடிக்கிற ஆளுக்குத் தன் கையாலேயே ஒரு பலகை எழுதி அனுப்பினார்: ‘யார் சொன்னாலும், நானே நேரில் வந்து சொன்னாலும், தொப்பியை மட்டுமே பார்க்கவும்.’

இரண்டு வருடம் பொறுத்தேன். அவர் மகளுக்கு வரன் கூடி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஏழு பேர். தேதி குறிக்குமுன் சம்பந்தியை அசத்திவிட வேண்டும் என்று ஏரிக்குக் கிளம்பினார். அவரையும் சேர்த்து எட்டுச் சிவப்புத் தொப்பி, எட்டுக் குதிரை.

“பொம்பளைங்களுக்குத் துணையா ஒருத்தங்க வேணுமே” என்றார்.

“எங்கம்மா வருவாங்க சார். சம்பளம் வேணாம்.”

“தங்கமான குடும்பம்டா” என்றார். உண்மையிலேயே கண் கலங்கியது.

கிளம்பும்போது தொப்பிகளை நான்தான் வைத்துவிட்டேன். முதலாளியின் வழுக்கைக்கு இரண்டு கையாலும், பட்டாபிஷேகம் மாதிரி. தன் தலையில் இருக்கிற தொப்பியின் நிறம் யாருக்கும் தெரிவதில்லை. ஆபீஸ் ஆட்கள் யாரும் கூட வரவில்லை, டிரைவரும் முதலாளியைப் பார்த்திராத புது ஆள். சம்பந்தி வீட்டார், மஞ்சள்தான் முதலாளி நிறம்போல என்று நினைத்துக்கொண்டார்கள். அம்மா மட்டும் தன் தொப்பியைக் கழற்றிப் பார்த்தார். சிவப்பு.

“தப்பா குடுத்துட்டியேடா.”

“இல்லம்மா.”

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தொப்பியைக் காது வரை இழுத்து மாட்டிக்கொண்டார்.

வழி முழுக்க முதலாளி சம்பந்தியிடம், “ஏரி நம்மளுதுதான்னு வச்சுக்கோங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தார். மேட்டில் இறங்கினோம். கயிற்றுக்காரர் சிவப்பை எண்ணினார். எட்டு. ஒவ்வொருவராகக் குதிரை ஏற்றி அனுப்பினார். அம்மா ஏழாவது குதிரை. முதலாளி கடைசியில் பெருந்தன்மையாக நின்றுகொண்டிருந்தார். எட்டாவது குதிரையில் சம்பந்தி ஏறிப் போனதும், கயிறு அவர் வயிற்றுக்குக் குறுக்கே வந்தது.

“உங்களுது மஞ்சள்.”

“யோவ், நான்தான்யா முதலாளி!”

“போன வாரம் மூணு முதலாளி வந்தாங்க. ஒருத்தர் அழுதே காமிச்சார்.”

“போன் பண்ணிக் கேளுய்யா!”

“இங்க ஏது டவர்?”

“சரி, எவ்ளோ வேணும்? இப்பவே தரேன்.”

“ஐயோ, இங்க வாங்கினா வேலை போயிடும். எங்க முதலாளி ரொம்ப மட்டமான ஆளு. நீங்க பாத்ததில்லையே.” பலகையைக் காட்டினார். முதலாளி தன் கையெழுத்தைத் தானே இரண்டு முறை படித்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். “டேய், நீ சொல்லுடா நான் யாருன்னு.”

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் இரண்டு வருடம் குறைந்த சம்பளத்துக்குக் குப்பை கொட்டினேன்.

“சார், வழிகாட்டி யாருக்கும் சிபாரிசு பண்ணக் கூடாது. விதி ஏழு. நீங்க போட்டதுதான்” என்றேன். ‘நீங்க போட்டதுதான்’ என்பதைக் கயிற்றுக்காரருக்குக் கேட்காமல் சொன்னேன்.

அவர் முகம் வெளுத்தது, சிவந்தது, மறுபடி வெளுத்தது. அம்மா உட்கார்ந்த அதே ஜன்னலோரத்தில் போய் உட்கார்ந்தார். குளிர் என்றார். ஹீட்டர் சிவப்புக்குத்தான் என்று டிரைவர் வருத்தத்தோடு சொன்னார். தண்ணீர் கேட்டார். விலையைக் கேட்டதும் தாகம் போய்விட்டது. நான் எதிர் இருக்கையில் உட்கார்ந்து அவரைப் பார்த்தேன். அவர் மேட்டைப் பார்த்தார்.

“நாளைலேர்ந்து வராத” என்றார் ஒரு மணி நேரம் கழித்து.

“சரிங்க சார்.”

“வேணும்னேதான பண்ண?”

“ஆமாங்க சார்.”

மூன்று மணி நேரம் முடிந்து எல்லாரும் இறங்கி வந்தார்கள். சம்பந்தி துள்ளிக்கொண்டு வந்தார். “என்னங்க, பாத்துப் பாத்துச் சலிச்சதுன்னு வராமலே இருந்துட்டீங்க, நடுவுல தீவு இருக்குன்னு சொல்லவே இல்லையே! அதுல ஒரு வீடு வேற! யாரு வீடு அது?”

முதலாளி தொப்பியைக் கழற்றி வழுக்கையைத் தடவினார். “அது... நம்ம ஆளுங்க வீடுதான்” என்றார். சம்பந்தி விடவில்லை. “ஆளா? அங்க ஜன்னல்கூட இல்லையே. எப்படி இருக்காங்க?”

முதலாளி மெல்ல அம்மா பக்கம் சாய்ந்தார். குரலைத் தணித்து, “அம்மா, அது என்ன வீடும்மா? சும்மா சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணாலும் செய்யறேன்” என்றார்.

அம்மாவின் மூக்கு நுனி காற்றில் சிவந்திருந்தது. நான் பார்த்தே இராத ஒரு முகத்தோடு இருந்தார்.

“அதெல்லாம் நேர்ல பாக்கணும் சார்” என்றார். பிறகு என்னிடம், “கதவைச் சாத்துடா, காத்து வருது.”