சட்டைப்பைத் துப்பாக்கி

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் பட்டாளம் துப்பாக்கி வாங்குவதை நிறுத்திவிட்டது. கனெக்டிகட் ஆற்றங்கரையில் ஹர்ல்பட்டின் தொழிற்சாலையில், இடுப்பில் தொங்கவிடும் பெரிய ரிவால்வர்கள் விலைபோகாமல் குவிந்து கிடந்தன. ஹர்ல்பட் தலைமை மிஸ்திரி அசகேலிடம் வந்தார்.

“இனிமே யாருய்யா இத்தனை கனத்தைக் கட்டிக்கிட்டு அலைவான்? கடைக்காரன், குமாஸ்தா சட்டைப்பையில போடற மாதிரி சின்னதா ஒண்ணு செஞ்சு குடு.”

“பெருசுன்னா எதிராளி பார்த்து ஒதுங்கிப் போவான், முதலாளி. இது இருக்கறதே தெரியாதே.”

“அதனாலதான்யா கேக்கறாங்க!”

அசகேல் செய்தார். பைக்குள் தவறி வெடித்துவிடக் கூடாதே என்பதுதான் அவர் கவலையெல்லாம். துப்பாக்கியின் பின்புறமுள்ள சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தால்தான் சுடும் விசையே வெளியில் தலைகாட்டும். அதுவரை தரையில் போட்டு அடித்தாலும் வெடிக்காது.

அவர் மகன் லைனஸும் அங்கேதான் மெருகு போடும் வேலையில் இருந்தான். கடைசல் பிடிக்கும் டுவைட் அவனுடைய உயிர்த்தோழன். தங்கை லொவினாவுக்கும் டுவைட்டுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

ஒரு சனிக்கிழமை சாராயக்கடையில் நுழைந்த லைனஸைப் பார்த்து டுவைட் கத்தினான்: “மெருகு போட்டே போரை ஜெயிச்ச தளபதி வர்றாரு, வழி விடுங்கப்பா!”

கடையே சிரித்தது. இப்படி எத்தனையோ முறை இருவரும் கட்டிப்புரண்டு சண்டைபோட்டு, மறுநாள் ஒரே புகையிலையைப் பங்கு போட்டிருக்கிறார்கள். அன்று லைனஸின் கை சட்டைப்பைக்குள் போய், அப்பா செய்த துப்பாக்கியோடு வெளியே வந்தது. டுவைட் குண்டு பட்டு மரத்தூள் பரப்பிய தரையில் விழுந்து அங்கேயே செத்துப்போனான்.

“பயமுறுத்தத்தான் எடுத்தேன். தானா வெடிச்சிருச்சு,” என்றான் லைனஸ், நீதிமன்றத்தில்.

வக்கீல் அசகேலைக் கூண்டில் ஏற்றி, துப்பாக்கியை அவர் கையில் கொடுத்தார். “சுத்தியை இழுக்காமலே இது வெடிக்குமா?”

வெடிக்காது என்று சொன்னால் மகனுக்குத் தூக்கு. முன்வரிசையில் கறுப்பு உடையில் லொவினா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெடிக்கும். என் வேலையில குறை இருக்கு,” என்றார் அசகேல்.

தூக்கு நீண்ட சிறையாகக் குறைந்தது. ஹர்ல்பட் அன்றே அசகேலை வேலையிலிருந்து வெளியே அனுப்பினார். வீட்டில் லொவினா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

“அந்தத் துப்பாக்கி தானா வெடிக்கவே வெடிக்காதுன்னு டுவைட்கிட்டயே தரையில போட்டு அடிச்சுக் காட்டுனீங்களேப்பா?”

“உன் அண்ணன்ம்மா அவன்.”

“அப்ப டுவைட் எனக்கு யாரு?”

அவள் லோவெல் என்ற ஊருக்குப் பஞ்சாலை வேலைக்குப் போய்விட்டாள். பிறகு ஒரு தகவலும் இல்லை.

அசகேல் கிடைத்த கூலிவேலை செய்து, பனியில் நடந்து, சோள ரொட்டியோடு சிறைக்குப் போய்வந்தார். ஒரு நாள் லைனஸ் ரொட்டியைத் தொடவில்லை.

“ஒண்ணு கேக்கணும்ப்பா. அந்தத் துப்பாக்கிய ஏன் அவ்வளவு அஜாக்கிரதையா செஞ்சீங்க?”

“என்னப்பா சொல்ற?”

“நீங்க ஒழுங்கா செஞ்சிருந்தா டுவைட் இன்னைக்கு உயிரோட இருந்திருப்பான். நெனைச்சா உங்க மேல ஆத்திரம் ஆத்திரமா வருது.”

அசகேல் மகனின் முகத்தைத் துருவிப் பார்த்தார். அதில் நடிப்பு எதுவும் இல்லை, கண்கள் கலங்கியிருந்தன. காவலாளி நேரமாயிற்று என்று கம்பியைத் தட்டினான்.

“ஆமாப்பா, என் தப்புதான்,” என்று சொல்லிவிட்டு எழுந்தார்.