நடுக்கடலுக்கு மேலே ஓர் அரட்டை

நடுக்கடலுக்கு மேல் போய்விட்டால் தரையிலிருந்து பேசுகிற சாதாரண ரேடியோ எட்டாது. அங்கே விமானிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு பொது அலைவரிசை உண்டு. காற்று மோசம் என்றால் முன்னே போகிறவர் பின்னே வருகிறவருக்குச் சொல்லவேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால் வெட்டிப் பேச்சு கூடாது.

அன்று பயணிகள் விமானம் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்த கேப்டனம்மா காதில் விழுந்தது வீட்டுப் பேச்சு. பேசியவர்களில் ஒருவன் அவள் கணவன். வேறொரு கம்பெனி விமானத்தில் அவளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான்; அவள் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைக்கவில்லை. மற்றவன் அவனுடைய பழைய தோழன், அவளுக்கு முன்னால் போனவன். சரக்கு விமானம் ஓட்டுவதால் எல்லோருக்கும் அவன் 'சரக்கு'. ஒரு சொட்டுகூடத் தொடாத மனுஷன்.

"அம்மாவ எங்ககூடவே வச்சுக்கலாம்னு இருக்கேன்டா. அவகிட்ட இன்னும் வாயத் தொறக்கல," என்றான் கணவன்.

துணை விமானி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பேச்சை நிறுத்தச் சொல்ல அவள் விரல் பொத்தான் வரை போயிற்று. அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்று கேட்கும் ஆசையில் அப்படியே நின்றது. மாமியாரும் மருமகளும் எலியும் பூனையும் என்று அவன் சொன்னது சுருக்கென்று தைத்தது.

அந்த நேரம் பார்த்து, கிணற்றில் விழுந்த வாளிபோல விமானம் இறங்கியது. பெல்ட் விளக்கைப் போடுவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. காபி ஊற்றிக்கொண்டிருந்த தலைமைப் பணிப்பெண்ணுக்குக் கை முறிந்துவிட்டதாக உள்ளேயிருந்து சேதி வந்தது.

விமானத்தைத் துணை விமானியிடம் கொடுத்துவிட்டு அவள் பொத்தானை அழுத்தினாள். அவர்கள் பேச்சின்மேல் இவள் பேச்சு ஏறி வெறும் இரைச்சலாகத்தான் போயிருக்கும், அரட்டை ஓயவில்லை. கணவன் சிரித்து முடித்த இடைவெளியில்தான் நுழைய முடிந்தது.

"பேச்ச நிறுத்துங்க. இங்க காத்து ரொம்ப மோசம். பின்னால வர்றவங்க எல்லாரையும் உக்கார வச்சு பெல்ட் போடச் சொல்லுங்க."

இடத்தையும் உயரத்தையும் சொன்னாள். பிறகு கணவன், யாரோ அந்நியரிடம் பேசுவதுபோல, அவள் சொன்னதை வரிசையாகத் திருப்பிச் சொன்னான்.

"எனக்கும் அங்கதான் ஆடுச்சு தங்கச்சி," என்றான் சரக்கு. "சொல்லணும்னு இருந்தேன். பேச்சு வாக்குல மறந்துட்டேன்."

கணவனின் விமானமும் குலுங்கத்தான் செய்தது. எல்லோரும் பெல்ட்டோடு இருந்ததால் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

மூன்று விமானமும் ஒரே ஊரில்தான் இறங்கின. இறங்கியதும் நடந்ததை மேலிடத்துக்கு எழுதினாள். அனுப்புமுன் கணவனிடம் காட்டினாள்.

"எங்க ரெண்டு பேரு பேரையும் போட்டது சரி. உன் பேரு எதுக்கு?"

"கேட்டுக்கிட்டு சும்மா இருந்தேன்ல."

அவன் அம்மா விஷயத்தை எடுக்கப் பார்த்தான். அதை வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள்.

பிற்பாடு ஆண்கள் இருவரையும் சில வாரம் பறக்கவிடவில்லை. அவளுக்கு எச்சரிக்கையோடு போயிற்று. அதற்கெல்லாம் முன்பு, அன்று சாயங்காலமே மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நடந்ததைச் சொன்னதும், அப்படி என்ன அவசரப் பேச்சு என்று பணிப்பெண் கேட்டாள். கணவன் மழுப்பாமல் சொன்னான்.

"இதுக்கா?" என்றாள் அவள்.

வலது கையில் மாவுக்கட்டோடு, வீட்டுக்குப் பேச அவள் போனைத் தடவித் தடுமாறினாள். கேப்டனம்மா அதை வாங்கி, அவள் சொன்ன எண்ணைப் போட்டு, அவள் காதோடு வைத்துப் பிடித்துக்கொண்டாள்.