ஒரு துளி சிந்தாமல்

மாமாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு கர்வம்தான்: அவர் கை நடுங்காது. பதினெட்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஒன்பதாவது மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டு, கடுகு போன்ற திருகாணியைக்கூடக் கீழே விடாமல் பூட்டுவார். இந்தக் கர்வத்தின் நீள அகலத்தை அக்கா மகள் நன்றாக அளந்து வைத்திருந்தாள். ஒன்பது வயது. வீட்டில் அவளுக்குப் பெயர் குண்டூசி.

ஐந்து மாதத்துக்கு முன்னால் சளி பிடித்து விட்ட பிறகு, குண்டூசியின் காலில் கருஞ்சிவப்புப் புள்ளிகள் தடித்துக் கிளம்பின. முழங்காலுக்குக் கீழே நெருக்கமாக, பின்பக்கத்தில் கொஞ்சம். இடுப்புக்கு மேலே ஒன்றுகூட இல்லை. மூட்டைப்பூச்சிதான் என்று அக்கா தீர்ப்புச் சொல்லி, மாமாவின் மெத்தையை வெயிலில் தூக்கிப் போட்டாள். மாமா மூன்று நாள் வெறுந்தரையில் படுத்தார். நாலாம் நாள் பிள்ளைக்குக் கணுக்கால் வீங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டபோதுதான் டாக்டரிடம் ஓடினார்கள்.

குழந்தை டாக்டர் ஒரு கண்ணாடித் தம்ளரைப் புள்ளிகள்மேல் வைத்து அழுத்தினார். அவை மறையவில்லை. பூச்சிக்கடி இல்லை, நுண்ணிய ரத்தக் குழாய்கள் அழற்சி கண்டு கசிகின்றன, சளிக்குப் பிறகு சில குழந்தைகளுக்கு இப்படி வரும், பெரும்பாலும் தானாக அடங்கிவிடும் என்றார். அக்காவுக்குப் பாதி உயிர் வந்தது. வந்ததை அடுத்த வாக்கியத்தில் டாக்டரே பிடுங்கிக்கொண்டார். இந்த அழற்சி சத்தமில்லாமல் சிறுநீரகத்தையும் தொடலாம், அதனால் ஆறு மாதம் சிறுநீரைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். மெத்தையிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

புள்ளிகள் மறைந்தன, வலி போனது, பழைய வாலும் முளைத்தது. ஆனால் போன மாதச் சோதனையில் புரதம் தெரிந்தது. இன்னும் கூடினால் ஊசி வைத்துச் சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் அக்காவிடம் தணிந்த குரலில் சொன்னார். தணிந்த குரலில் சொல்வதெல்லாம் குண்டூசியின் காதில்தான் முதலில் விழும்.

அடுத்த சோதனை நாள் காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்த மாமாவின் முன்னால் அவள் சிறுநீர் பிடிக்கும் சின்ன டப்பாவோடு வந்து நின்றாள்.

"இதுல ஒரு துளி சிந்தாம யாராலயும் பிடிக்க முடியாது மாமா. உன்னாலயும்தான்."

"யாரைப் பாத்து என்ன சொல்றே?"

இரண்டு நிமிடத்தில் மாமா வெளியே வந்தார். கோடு வரைக்கும் கச்சிதம், வெளிப்புறத்தில் ஈரமே இல்லை, மூடியும் போட்டாயிற்று. குண்டூசி வாயைப் பிளந்து வியந்தாள். தானே கொட்டிக் கழுவி வைப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு போனாள். மருத்துவமனை வாசல்வரை மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

டாக்டர் சோதனைப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புரதம் சுத்தமாக இல்லை, சர்க்கரைதான் எக்கச்சக்கம் என்றார். குழந்தை தண்ணீர் நிறையக் குடிக்கிறாளா, அடிக்கடி பாத்ரூம் போகிறாளா, மெலிந்திருக்கிறாளா என்று அடுக்கினார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாமா தன்னை நினைத்துப் பார்த்தார். வேலைக்குக் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டில் மூன்றாகியிருந்தது. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தார், தோல் தளர்ந்துவிட்டது என்று. மெல்லத் திரும்பிக் குண்டூசியைப் பார்த்தார். அவள் சுவரிலிருந்த உயர அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். பாடப் புத்தகத்தைக்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை.

மாமா இரண்டு பக்கமும் கணக்குப் போட்டார். சொன்னால் மானம் போகும், பிள்ளைக்கு ஊசியும் வரலாம். சொல்லாவிட்டால், அவள் சிறுநீரகத்தில் என்ன நடக்கிறதென்று யாருக்குமே தெரியாது.

"டாக்டர், அது என்னோடது."

மெத்தையைப் பார்த்த அதே பார்வையை அக்கா இப்போது தம்பிமேல் வீசினாள். குண்டூசி ஓவென்று அழுதாள். ஊசி வேண்டாம், டப்பாவைத் தொடவே மாட்டேன் என்றாள். டாக்டர் அவளை விட்டுவிட்டு, முதலில் மாமாவின் விரலை நீட்டச் சொன்னார். ஒரே குத்து, ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான் என்றார்.

மாமா விரலை நீட்டினார். அது நிற்கவில்லை. இன்னொரு கையால் பிடித்தார், அதுவும் சேர்ந்து ஆடியது. அழுகை பாதியில் நின்றது.

"மாமா, உன் கை நடுங்குது."

"பயமா இருக்குடி."

குண்டூசி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து, அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தாள். குத்து விழுந்தது. மாமா கண்ணைத் திறந்தபோது அவள் அங்கே இல்லை. மேஜைமேல் இருந்த புது டப்பாவும் இல்லை.

இந்த முறை புரதம் லேசான சாயல்தான், போன தடவையைவிடக் குறைவு. ஊசிக்கு அவசியமில்லை, நாளைக்குக் காலையில் பிடித்ததையும் கொண்டுவாருங்கள், உறுதி செய்துகொள்ளலாம் என்றார் டாக்டர். மாமாவுக்குத்தான் சர்க்கரை இருநூற்று எண்பது. மறுநாள் குண்டூசியின் டப்பாவிலும் அதே சாயல்தான். மாமாவைப் பார்த்த சர்க்கரை டாக்டர், அடுத்த மாதம் வரும்போது ஒரு டப்பா கொண்டுவரச் சொன்னார்.

அடுத்த மாதம் பாத்ரூம் கதவுக்கு வெளியே குண்டூசி காவல் நின்றாள். மாமா டப்பாவோடு வெளியே வந்ததும், மூடியைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தாள். ஈரமில்லை. ஆனாலும் டப்பாவை வாங்கிக்கொள்ளாமல் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உன்னோடதுதானே?"