பதினோரு ஈர அடிகள்

என்னைக் கேட்டால் பேய்க்குக் கால் உண்டு. அந்தக் காலில் என்ன போட்டிருந்தாள் என்றுகூடச் சொல்வேன். வலது காலில் ரப்பர் செருப்பு, இடது கால் வெறுங்கால், இரண்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. இதைச் சொன்னதற்காக இருபத்து மூன்று வருடம் என்னைக் கிண்டல் செய்தார்கள். நான் அசரவே இல்லை என்று சொன்னால் அது பொய். வெளியில் அசரவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறேன்.

என் வேலை எஃபெக்ட்ஸ். படத்தில் யாராவது நடந்தால், கதவைத் திறந்தால், கோப்பையைக் கீழே வைத்தால், இருட்டறையில் திரையைப் பார்த்துக்கொண்டே அந்தச் சத்தத்தை நான் செய்வேன். கதாநாயகன் கம்பீரமாக நடந்து வருகிறான் என்று நீங்கள் வாயைப் பிளந்து பார்ப்பீர்கள். நடப்பது நான், அதுவும் நின்ற இடத்திலேயே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவு செய்கிறவர் என் வீட்டுக்காரர். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தையே "குதிகால் சத்தம் ஜாஸ்தி" என்பதுதான். அப்படிப்பட்ட மனுஷனைத்தான் கட்டிக்கொண்டேன்.

ஜப்பானிலிருந்து ஒரு பேய்ப்படம் வந்தது. அடுக்குமாடிக் கட்டடத்தின் நடைகூடத்தில் யாரோ விட்டுப்போன ஒரு குடை. அதை எடுத்தவர்கள் எல்லோரும் காலி. நம் மொழியில் பேச வைத்து வெளியிட்டார்கள், கூட்டம் அலைமோதியது. அந்தச் சூட்டோடு இரண்டாம் பாகத்தையும் வாங்கினார்கள்.

இரண்டாம் பாகத்தில் பேய் யாரையும் கொல்லவில்லை. மழையில் மகளுக்குக் குடை கொண்டுபோனவள் அவள். வழியில் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மகள் இப்போது வளர்ந்து தனியாக இருக்கிறாள். அவள் வீட்டு வாசலுக்குக் குடையைக் கொடுக்க வருகிறாள் தாய். கதை இவ்வளவுதான். மகளுக்குக் குடை கொடுக்க வருகிற பேயைப் பார்க்க யார் டிக்கெட் எடுப்பார்கள்? ஒரு வாரம்கூட ஓடவில்லை. இன்றைக்கு முதல் பாகத்தைத் தெரியாதவர்கள் கிடையாது, இரண்டாவது என்று ஒன்று வந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கு அந்த இரண்டாவதுதான் உயிர்.

அதில் நடந்த கூத்தைக் கேளுங்கள். படம் ஒரு பெட்டியிலும் சத்தம் இன்னொரு பெட்டியிலும் வந்தன. சத்தப் பெட்டியைத் திறந்து ஓடவிட்டால் முதல் பாகத்துச் சத்தம்! அங்கே யாரோ பெட்டியை மாற்றி அனுப்பிவிட்டார்கள். வெளியீட்டுத் தேதியோ போஸ்டரில் ஏறிவிட்டது. கையில் இருந்தது ஊமைப் படமும் வசனத் தாளும்தான். ஒரு சொட்டுத் தண்ணீர்ச் சத்தம் முதல் எல்லாவற்றையும் நாங்களே செய்ய வேண்டியதாயிற்று.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரைப் பார்த்தாலும் முதலில் காலைப் பார்ப்பேன். வெள்ளம் வரும் காட்சியில் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். நான் சாக்கடை ஓரத்தைப் பார்த்தேன். ஒரு ரப்பர் செருப்பு மிதந்து போனது. இடது கால் செருப்பு. கண் கொட்டும் நேரம்தான், ஆனால் போனது போனதுதான்.

அதற்குப் பிறகு பெரிய காட்சி நடைகூடம். நீளமான நடைகூடம், கடைசிக் கதவில் மகள். பேய் இடுப்புக்கு மேலேதான் தெரிகிறாள், மெதுவாக வருகிறாள். டப்பிங் டைரக்டர் சொன்னார், "இங்க காத்து மட்டும் போதும்மா. கூட ஒரு பொம்பளை முனகல். அவ்வளவுதான்."

"அவ நடந்து வர்றாளே சார்," என்றேன்.

"பேய்க்குக் கால் ஏதும்மா?"

"கால் இல்லாதவளுக்கு எதுக்கு சார் செருப்பு? ஒண்ணு வெள்ளத்துல போச்சே, நீங்க பாக்கலையா? இன்னொண்ணு அவ கால்லதான இருக்கும்?"

"உன்கிட்ட பேசினா எனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும்," என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.

அவர் போனதும் நான் தரை ஓடு பதித்த பலகையை இழுத்துப் போட்டுத் தண்ணீரை ஊற்றினேன். வலது காலில் என் பழைய ரப்பர் செருப்பு, இடது காலில் ஒன்றும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். என் வீட்டுக்காரர் விரலை மட்டும் உயர்த்தினார். பதிவு ஓடியது. திரையில் அவள் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்துப் பார்த்து வைத்தேன். சப். தப். சப். தப். மொத்தம் பதினோரு அடி. பதினோராவது அடியில் மகளின் கதவுக்கு முன்னால் நின்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்கு முன்னும் பின்னும் அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை.

எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகச் சேர்க்கும் கலவையில் என் வீட்டுக்காரர் காற்றையும் முனகலையும் அடக்கிவிட்டு என் அடிகளை உள்ளே வைத்துவிட்டார். டைரக்டருக்கு முன்னோட்டக் காட்சியில்தான் தெரிந்தது. அப்போது மாற்ற நேரமில்லை.

படம் படுத்தது. ஒரு பத்திரிகையில் "பேய் நொண்டுகிறது" என்று தலைப்பே போட்டார்கள். டைரக்டருக்கு அது போதாதா? படம் ஊத்திக்கொண்டதற்கு நான்தான் காரணம் என்று ஸ்டூடியோ ஸ்டூடியோவாகச் சொன்னார். எனக்கு 'நொண்டிப்பேய்' என்று பெயரே வந்துவிட்டது. பெரிய படங்கள் நின்றன. அதற்குப் பிறகு விளம்பரங்களுக்கு பிஸ்கட் கடித்தேன், பொம்மைப் படங்களுக்கு முயல் மாதிரி குதித்தேன். அதையும் ஒழுங்காகத்தான் செய்தேன். என் முயலை நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

போன மாதம் என் வீட்டுக்காரர் நூலகத்தில் பேப்பர் படித்துவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"ஏம்மா, நம்ம குடைப் படம் போடறாங்க. ரெண்டாவது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம், நூலகத்து மாடியில."

"யாரு கேட்டா?" என்றேன், வெடுக்கென்று.

"மூல ஒலியோட போடறாங்களாம். ஜப்பான் சத்தம். கீழ எழுத்து ஓடும்."

அந்தச் சத்தத்தை நாங்கள் யாரும் கேட்டதே இல்லை. அந்த நடைகூடத்தில் அவர்கள் காற்றை மட்டும் வைத்திருந்தால்? இருபத்து மூன்று வருடமாக டைரக்டர் சொன்னதுதான் சரி. நான் பிடித்த பிடிவாதம், இழந்த படங்கள், என் வீட்டுக்காரருக்கும் சேர்த்து வாங்கிக் கொடுத்த கெட்ட பெயர், எல்லாம் என் திமிருக்குக் கொடுத்த விலை என்று ஆகிவிடும்.

"போக வேண்டாம்னா விட்டுடலாம்," என்றார் அவர்.

"ஏன் விடணும்? தப்புன்னா தப்புன்னு அந்த டைரக்டர் வீட்டுக்கே போய் மூஞ்சிக்கு நேரா நானே சொல்லிட்டு வர்றேன். என் காலு, என் தப்பு."

ஞாயிற்றுக்கிழமை நூலகத்து மாடியில் நாற்பது நாற்காலி, முப்பது பேர். நூலகர் சின்னப் பெண், துருதுருவென்று இருந்தாள். சிறப்பு விருந்தினர் யார் என்று நினைக்கிறீர்கள்? டைரக்டரேதான். முடியெல்லாம் நரைத்து, கைத்தடியோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். படத்துக்கு முன்னால் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் இருநூறு பேசினார்.

"எங்க பதிப்புல ஒரு வேடிக்கை. எங்க எஃபெக்ட்ஸ் அம்மா பேய்க்குக் கால் வெச்சுட்டாங்க, அதுவும் நொண்டிக் கால்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நூலகரும் சிரித்தாள். நான் கடைசி வரிசையில் இருப்பது அவருக்குத் தெரியாது. "முடிஞ்சதும் இன்னும் சொல்றேன்," என்று உட்கார்ந்தார்.

என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் தட்டிவிட்டேன். பிறகு நானே பிடித்துக்கொண்டேன்.

படம் ஓடியது. வெள்ளம் வந்தது, செருப்பு மிதந்து போனது. நடைகூடம் வந்தது. முதலில் சத்தமே இல்லை. காற்றுகூட இல்லை. அவள் தூரத்தில், குடையோடு. ஒரு நொடி, இரண்டு நொடி. முடிந்தது என் கதை என்று நினைத்தேன். எழுந்து போய்விடலாமா என்று காலை ஊன்றினேன்.

சப்.

என் வீட்டுக்காரரின் விரல் என் உள்ளங்கையில் அழுந்தியது.

தப்.

செருப்பு, வெறுங்கால். செருப்பு, வெறுங்கால். அதே ஈரம், அதே தயக்கம். கடலுக்கு அந்தப் பக்கம் எவளோ, எவனோ, என்னைப் போலவே ஒரு ஓட்டுப் பலகையில் தண்ணீரை ஊற்றி, ஒற்றைச் செருப்போடு நின்றிருக்கிறார்கள். அவர்களும் சாக்கடை ஓரத்தைப் பார்த்திருக்கிறார்கள். முன் வரிசையில் கைத்தடி தரையில் விழுந்து உருண்டது. யாரும் சிரிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் என் உள்ளங்கையில் எண்ணிக்கொண்டே வந்தார். ஒன்பது. பத்து. பதினொன்று. அவள் கதவுக்கு முன்னால் நின்றாள். "பாத்தியா?" என்று அவர் மூக்கை உறிஞ்சினார்.

"உஷ்ஷ்," என்றேன். ஏனென்றால் சத்தம் இன்னும் முடியவில்லை.

ஈர ரப்பர் காலைவிட்டு உரியும் ஒரு சின்னச் சத்தம். பிறகு இன்னொரு அடி, மிக மெதுவாக. தப். வலது கால், வெறுங்கால்.

மகள் வீட்டு வாசலில் அவள் செருப்பைக் கழற்றிவிட்டாள்! நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வாசலில் செருப்பைக் கழற்றுகிறவள். எனக்குத் தோன்றவில்லையே! வெட்கமாகவும் இருந்தது, ஆனந்தமாகவும் இருந்தது. எனக்கு மேலே ஒரு ஆள் இருக்கிறார் என்பதில் அவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

விளக்கு வந்ததும் நான் நேராக முதல் வரிசைக்குப் போனேன். டைரக்டர் என்னைப் பார்த்ததும் எழ முயன்றார், கைத்தடியைக் காணாமல் திரும்ப உட்கார்ந்தார். நான் அதை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

"அம்மா..." என்றார். முகம் வெளிறியிருந்தது. "இத்தனை வருஷமா நான்... உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியலை."

"எங்கிட்டச் சொல்ல வேண்டாம் சார். நான்தான் காதால கேட்டேனே."

நூலகர் மைக்கைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் அதை வாங்காமல் என்னையே பார்த்தார்.

"பதினொண்ணு சரியா வெச்சேன் சார். பன்னெண்டாவதை விட்டுட்டேன்," என்றேன். "அது என் தப்புதான். இன்னும் சொல்றேன்னீங்களே, போய் அதை இவங்க எல்லார்கிட்டயும் சொல்லுங்க."