நல்ல கனம்

வெடிமருந்துத் தொழிற்சாலை ஃபோர்மேன் சங்கரலிங்கம் மாமா எந்தப் பொருளையும் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். எனக்குப் பெண் தர மறுத்தபோது, "சாஃப்ட்வேர்னா கையில பிடிக்க முடியாத வேலைல்லா" என்றார். அதை நான் மறக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, 2009இல், கேம்ப் கடைத்தெருவில் ஒரு செல்போன் கடையில் என்னைக் கண்டதும் கூப்பிட்டார். இரண்டு கையிலும் ஸ்மார்ட்போன். ஒன்று எஃகு உடம்பு, பெரிய கேமரா. ஆனால் அதன் சாஃப்ட்வேர் படுமோசம். அழைப்பு வந்தால் அப்படியே உறைந்துவிடும். மற்றது வெறும் பிளாஸ்டிக்; ஆனால் ஒருநாளும் உறையாது.

"கனமானதையே எடுங்க மாமா. சாஃப்ட்வேரைக் கையிலயா பிடிக்க முடியும்?"

"இப்பத்தாம்டே உருப்படியா பேசுத."

பத்தாம் நாள் என் வீட்டு வாசலில் நின்றார்.

"மக துபாய்லருந்து கூப்பிட்டா எடுக்க முடியல. கொஞ்சம் பாருங்க தம்பி."

வாங்கி, உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தேன்.

"நல்ல கனம் மாமா" என்று திருப்பிக் கொடுத்தேன்.